மகனாக வர மறுத்தவன்

துடுப்பின் முனை மசினாவின் நெற்றியில் 'டக்'கென்று இடித்தது.

"கண்ணு தெரியலையா?"

"மழையில தெரியல... மன்னிச்சுக்கோங்க."

துடுப்பைத் தோளிலிருந்து இறக்கியவன் குக் தீவுப் படகோட்டி தேரே. இமையில் தொங்கிய மழைத்துளியோடு அவன் விழித்த விழிப்பில் அவளுடைய கோபம் பாதியிலேயே நின்றுபோனது.

"படகையாவது நேரா ஓட்டுவீங்களா?"

"முன்னால நீங்க நிக்காம இருந்தா..."

தீவு நாடுகளின் விளையாட்டு விழா இந்த முறை சமோவாவில். ஊருக்கு ஓர் அணி என்று பிரித்துக்கொண்டதில் மசினாவின் ஊருக்கு வாய்த்தவர்கள் குக் தீவுப் படகோட்டிகள். கிழங்கு அவித்துப் போட்டு, படுக்க இடம் கொடுத்து, கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவது ஊரின் பொறுப்பு. மசினாவும் கத்தினாள். அணிக்காகத்தானா? அவளுக்கே தெரியவில்லை...

அவர்கள் வெள்ளி வென்ற அன்று, ஊர்த் தலைவரான அவள் அப்பா துயிலோமா அறிவித்தார்.

"நாளைக்குச் சபையில தேரேவுக்கு நம்ம குடும்பப் பட்டம் கொடுக்கப்போறேன். இனி அவன் என் மகன்."

வீடே கைதட்டியது. மசினாவும் தட்டினாள். தட்டிய கை ஏன் இப்படிக் கனக்கிறது? நல்ல செய்திதானே... அப்பாவின் மகன் என்றால் அவளுக்கு அண்ணன். சமோவா வழக்கப்படி அண்ணனிடம் கேலி பேச முடியாது. கண்ணோடு கண் பார்க்க முடியாது. அவ்வளவுதானே?

மறுநாள் சபையில் பட்டப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். தேரே எழுந்தான்.

"மன்னிக்கணும் ஐயா. இதை என்னால வாங்கிக்க முடியாது."

துயிலோமாவின் முகம் கல்லானது. "எங்க வீடு உனக்குக் குறைஞ்சு போச்சா?"

ஊரார் முன்னே தலை குனிந்தபடி அப்பா எழுந்து போனார். தேரேவை வெறுக்க நினைத்தாள் மசினா. முடியவில்லை. அழுகை வந்தது. அப்பாவுக்காகவா, தனக்காகவா? புரியவில்லை.

விடியும்போது மீண்டும் மழை. வீட்டின் முன்னால் தேரே தலைமேல் பாய் போர்த்தி உட்கார்ந்திருந்தான். சமோவாவில் பெருங்குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பவன் அப்படித்தான் உட்காருவான். வீட்டுக்காரர் பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால்... ஆனால் அதற்கு வேலைப்பாடு மிகுந்த உயர்ந்த பாய் வேண்டும், துணைக்கு உறவுக்கூட்டம் வேண்டும். இவனோ யாரோ சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, படுக்கும் பாயோடு தன்னந்தனியாக வந்திருந்தான்.

அவள் ஓடிப்போய்ப் பாய்க்குள் தலையை நுழைத்தாள்.

"லூசா நீங்க? படுக்கிற பாயைப் போட்டுக்கிட்டு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா?"

"இதுதான் கிடைச்சுது..."

"எங்க அப்பா மானத்தை ஏன் வாங்கினீங்க?"

அவன் அவளை நேராகப் பார்த்தான்.

"பட்டம் வாங்கியிருந்தா உன்னை இப்படிப் பார்க்க முடியுமா, மசினா? உனக்கு அண்ணனா இருக்க என்னால ஆகாது... அதை அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்லுவேன்?"

இத்தனை நாள் குழம்பியதெல்லாம் இதற்குத்தானா?

"எனக்கும் ஆகாது," என்றாள்.

சுவரில்லாத வீடு. உள்ளே எல்லாம் கேட்டிருக்கும். காலடிகள் நெருங்கின. நனைந்த பாய் மெல்ல விலகியது. துயிலோமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா."

"உங்ககிட்ட எப்படி ஐயா..."

"என்கிட்ட இல்லடா முட்டாள்... இவகிட்ட!"