வாசித்துக் காட்டாத வாக்குமூலம்

நீதிபதி ஆஸ்மண்ட் பெல்கிரேவ் பதினொரு மணிப் படகில் வந்து இறங்கினார். மழைக்காலம். எங்கள் ஹெலேனாபர்க் நீதிமன்றம் மரக்கால்களின் மேல் நிற்கும் பழைய பலகைக் கட்டடம். ஆறு ஏறினால் தரையெல்லாம் ஊறி முனகும். எழுபத்தொன்பது வயதில், கையில் ஒரு டப்பாவோடு, அந்தப் படிகளை இரண்டிரண்டாக ஏறினார்.

"பூல்மதி! இன்னும் ஓய்வு வாங்கலையா நீ? இந்தா, ஜார்ஜ்டவுன் அன்னாசி டார்ட். இந்தக் கரையான் உன்னை மட்டும் ஏன் விட்டு வச்சுது?"

"கரையானுக்கும் ருசி தெரியும் சார்."

சிரித்தார், உட்காரவில்லை. ஓரிடத்தில் நிலைகொள்ளாத மனிதர். இதே ஊரில் மாஜிஸ்திரேட்டாக இருந்து, உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று ஏறிப்போனவர். ஓய்வுக்குப் பின் சரித்திரம் எழுதினார். மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன. நான்காவது, இந்த ஆற்றங்கரை நீதிமன்றங்களின் வரலாறு. அதில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

"எனாக் மூர் வாக்குமூலம் இருக்கிற வழக்குத் தாள்கட்டை எடு," என்றார்.

அலமாரிச் சாவியை எடுத்தேன்.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன், படகுத்துறையில் ஒரு கடைக்காரரைக் குத்திக் கொன்றார்கள். ஜெய்கரன் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனைப் பிடித்து வந்தார்கள். ஒரே சாட்சி, கரி சுட்டு விற்கும் கிழவர் எனாக் மூர். எங்கள் ஊரில் சாட்சி சொல்வதை மாஜிஸ்திரேட் தன் கையாலேயே எழுதுவார். முடிந்ததும் குமாஸ்தா அதைச் சாட்சிக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவர் 'சரி' என்ற பிறகுதான் கையெழுத்து.

அன்று வியாழக்கிழமை. மாஜிஸ்திரேட் இவர், குமாஸ்தா நான். நாலு மணிக்குக் கடைசிப் படகு. "ஓடினவன் முதுகைத்தான் பாத்தேன்" என்று எனாக் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். மிச்சத்தைப் போலீஸ் தாளிலிருந்து எழுதிக்கொள்ளலாம், வாசிக்கவும் வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். போலீஸார் முன்பே அவர் சொன்னதாக எழுதி வைத்திருந்த அந்தத் தாளில் 'முகத்தைப் பார்த்தேன்' என்று இருந்தது.

எனாக்குக்கு எழுத்துத் தெரியாது. "மகளே, எனக்கு வாசிச்சுக் காட்டலையே?" என்று என்னைக் கேட்டார்.

"எல்லாம் நீங்க சொன்னதுதான் பெரியவரே. இங்க ஒரு கோடு போடுங்க."

போட்டார். 'வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று கீழே நான் எழுதினேன்.

இரண்டு மாதத்தில் எனாக் காய்ச்சலில் செத்துப்போனார். சாட்சி செத்தால் அவருடைய தாள்தான் உயர் நீதிமன்ற விசாரணையில் பேசும். அது பேசியது. ஜெய்கரனைத் தூக்கில் போட்டார்கள்.

கட்டைப் பிரித்து வைத்தேன். நீதிபதி நின்றபடியே புரட்டினார்.

"இதுதான் என் அத்தியாயத்தோட உச்சம். செத்தவன் வாக்கு கொலைகாரனைப் பிடிச்ச கதை."

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், அதை வாசிச்சுக் காட்டவே இல்ல. அதையாவது எழுதுங்க. ஜெய்கரன் தங்கச்சி இன்னும் சந்தையில மீன் விக்கிறா. அவ பேரப்பிள்ளைங்களைக்கூட கொலைகாரன் வீட்டுப் பிள்ளைங்கன்னுதான் கூப்பிடுறாங்க."

அவர் முகம் வெளிறியது. "உன் கையெழுத்து இருக்கே இங்க. சரித்திரம் எழுதறவனுக்குத் தாள்தான் சாட்சி பூல்மதி. உன் ஞாபகம் இல்ல."

மழை வலுத்தது. பட்டப்பகலிலேயே கூடம் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நனைந்த கரி.

சாட்சிக் கூண்டின் பலகை முனகியது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு யாரோ பாரத்தை மாற்றுவது போல இருந்தது.

கூண்டில் யாரும் இல்லை.

"வாசி மகளே."

நீதிபதியும் கேட்டார். அவர் கை மேசை விளிம்பைப் பற்றியது. நான் தாளை எடுத்து, பெயரிலிருந்து தொடங்கி வாசித்தேன். 'முகத்தைப் பார்த்தேன்' என்ற வரிக்கு வந்தேன்.

"இல்ல."

மெதுவாக, பொறுமையாக, அந்த ஒரு சொல்.

நீதிபதி கட்டைப் பட்டென்று மூடினார். "காத்து," என்றார். குடையைக்கூட எடுக்காமல் மழையில் துறைக்கு நடந்தார்.

புத்தகம் வந்தது. அந்த அத்தியாயமும், அந்த வரியும் அப்படியே இருந்தன. மூன்று வாரம் கழித்து அவர் மகள் தொலைபேசியில் அழுதாள்.

"அப்பா சாப்பிட மாட்டேங்கறார் ஆன்ட்டி. ஒரே பக்கத்தைச் சத்தமா வாசிக்கிறார். ஒரு வரி வந்ததும் நிறுத்தி, காது குடுத்துக் கேக்கறார். அப்புறம் திரும்ப முதல்லேருந்து. ஏம்ப்பான்னு கேட்டா, 'அவர் இன்னும் சரின்னு சொல்லலை'ங்கறார்."

அந்த வாரமே போய்விட்டார். இதயம் என்றார்கள்.

அதனால்தான் இதை எழுதினேன், ஜெய்கரன் தங்கையிடம் கொடுப்பதற்கு. அவளாவது இதை ஊருக்குக் காட்டட்டும். இன்று காலை எழுதி முடித்து, கதவைச் சாத்திவிட்டு, முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தேன். வெளியே நல்ல வெயில். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார் என்ற இடத்துக்கு வந்தேன்.

"இல்ல."

எங்கள் நீதிமன்றத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. திருத்தத்தைக் கீழே எழுத வேண்டும். எழுதுகிறேன்.

கடிகாரத்தைப் பார்த்தது நான். மறுநாள் அக்கரையில் என் அக்காவுக்குக் கல்யாணம். மிச்சத்தைப் போலீஸ் தாளிலிருந்து எழுதலாம் என்று மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான். அவர் எழுதிவிட்டு உள்ளறைக்குப் போனார். திரும்பி வந்து, "வாசிச்சுக் காட்டினியா?" என்று கேட்டார்.

"காட்டினேன் சார். சரின்னு சொன்னார்," என்றேன்.

இதையும் சேர்த்து இப்போது மறுபடி முழுக்க வாசித்தேன். முடித்துவிட்டு, "சரியா பெரியவரே?" என்று கேட்டேன்.

அந்தச் 'சரி' இன்னும் வரவில்லை. எதிரே காலியாக இருந்த நாற்காலி என் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது.