சிவப்புக் கோடு இல்லாத நட்

செவ்வாய்க்கிழமை ஹோட்டல் சமையலறைக்கு விடுமுறை. அந்த நாளில் இராஜசிங்கம் ஒரு கோப்பை தேத்தண்ணியை முக்கால் மணித்தியாலம் குடிப்பார். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக, அடிபட்ட கார்களையும் லொறிகளையும் பார்த்து விபத்தின் காரணம் எழுதியவர். 1986 ஒக்டோபரில் சுவிற்சர்லாந்தின் வின்டர்தூரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவரோடு ஒரே வீட்டில் இருந்த குணசேகரம் அதே சமையலறையில் மரக்கறி வெட்டுகிறவன். முப்பத்தைந்து வயது. வெங்காயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மர்மம் இருப்பதாக நம்புகிறவன்.

அப்படி ஒரு செவ்வாய் காலை எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்ததுமே குணசேகரத்துக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. நெடுநாள் சிநேகிதன் தயாபரன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அண்ணை, என்ரை வேலை போச்சு."

"இரும். முதல் இருந்து கதையும்," என்றார் இராஜசிங்கம்.

தயாபரன் கதைத்தான். அவன் வேலை செய்வது வீட்மர் என்பவரின் சிறிய கராஜில். கேட்பவரின் விருப்பப்படி ஒவ்வொரு காராக அடியிலிருந்து கட்டுகிற இடம் அது. சேசிஸ் நெடுக பெற்றோல் குழாயும் பிறேக் குழாயும் வளைத்துப் பூட்டுவது அவனுடைய பொறுப்பு. இந்தக் கார் டொக்டர் அமானுக்கு.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் முடிச்சனான். ஒவ்வொரு நட்டையும் இறுக்கினவுடனை, நட்டுக்கும் அது பூட்டின இடத்துக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பன். என்ரை மனுசி சிவகலா நகத்துக்குப் பூசுற கியூடெக்ஸ்தான். பிறகு நட் அசைஞ்சால் கோடு உடைஞ்சு காட்டிக்குடுக்கும். நேற்றுக் காலமை பின்பக்க நட் இளகி, பிறேக் எண்ணெய் முழுக்க நிலத்திலை. அந்த நட்டிலை மட்டும் கோடு இல்லையாம். கோடு இல்லாட்டி இறுக்கவும் இல்லை எண்டு வீட்மர் சொல்லுறார்."

"நீர் போய்ப் பாத்தனீரோ?"

"காருக்குக் கிட்டவும் விடேல்லை. கந்தோர் அறைக்குள்ளை கூப்பிட்டுச் சொல்லிப்போட்டு அனுப்பிட்டார். பிறேக்கிலை கவனயீனம், ஆக்களின்ரை உயிருக்கு ஆபத்து எண்டு எழுதின கடிதம் இண்டைக்கு மத்தியானத் தபாலிலை வெளிநாட்டார் பொலிசுக்குப் போகுது. அது போனால் எந்தக் கராஜும் என்னை எடுக்காது. இஞ்சை இருக்கிற அனுமதியும் புதுப்பிக்க மாட்டாங்கள்."

"கோடு போட்டது ஞாபகம் இருக்கோ?"

தயாபரன் தலை குனிந்தான். "நேற்றுப் பின்னேரம் வரைக்கும் சத்தியம் பண்ணியிருப்பன். யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே தெரியேல்லை."

வேலை போனதைவிட இதுதான் பெரிய இழப்பு என்று குணசேகரத்துக்குப் பட்டது.

"குழாய் எதாலை போகுது?" என்று இராஜசிங்கம் கேட்டார்.

"முன்னாலையிருந்து பின்னுக்கு ஒரே நீளம், பெற்றோல் குழாய்க்குப் பக்கத்தாலை. சைலன்சர் குழாய் கிட்ட வாற இடத்திலை மட்டும் ஒரு சாண் விலத்தி வளைச்சனான். சூடு பட்டால் எண்ணெய் கொதிச்சு பிறேக் பிடிக்காது."

"கராஜ் கதவுத் திறப்பு ஆரிட்டை?"

"வீட்மரிட்டை. சைலன்சர் ஒட்டின மற்ற வேலையாள் ரெற்றோவிட்டை. கட்டடம் டொக்டர் அமானின்ரை, அதாலை அவரிட்டையும் ஒண்டு. பிள்ளையளின்ரை பல்லுக்குக் கம்பி கட்டுற டொக்டர். கார் எண்டால் அவருக்கு உயிர்."

இராஜசிங்கம் கோப்பையை வைத்தார். பாதித் தேத்தண்ணி மிச்சம் இருந்தது. அவர் அப்படி வைத்ததை குணசேகரம் அதற்கு முன் கண்டதில்லை.

அவர்கள் போனபோது, திறப்பு வைத்திருந்த மூவரும் கராஜுக்குள் இருந்தார்கள். வீட்மர் பெரிய உடம்புக்காரர், கெட்டவர் அல்ல. தயாபரனின் முகத்தைப் பார்க்க முடியாமல் கதவடியிலேயே நிற்கச் சொன்னார். அவருடைய சட்டைப் பையில் முத்திரை ஒட்டிய கடித உறை தெரிந்தது. ரெற்றோ சுவரோரம் சிகரெட் பிடித்தான். கழுத்துப்பட்டி கட்டிய டொக்டர் அமான், இப்படிப்பட்டவனை இன்னும் ஏன் உள்ளே விடுகிறீர்கள் என்று சத்தம் போட்டார்.

"அவனுடைய வேலை ஆயுதங்களை எடுக்க வந்தோம்," என்றார் இராஜசிங்கம், மெதுவான ஜெர்மனில். "பதினெட்டு வருடம் விபத்து வாகனங்கள் பார்த்தவன் நான். பத்து நிமிடம் தாருங்கள்."

வீட்மர் தோளைக் குலுக்கினார். இராஜசிங்கம் டோர்ச்சோடு காருக்கு அடியில் படுத்தார். பின்னாலேயே குணசேகரமும் ஊர்ந்தான், நல்ல காற்சட்டை என்பதையும் மறந்து.

"ரெற்றோதான் அண்ணை. முழியைப் பாத்தனீங்களோ?"

"முழியை விடும். குழாயைப் பாரும்."

இரண்டு குழாய்களும் ரயில் தண்டவாளம்போல ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, அழகாக நேரே ஓடின. பின்பக்க நட்டில் கோடு இல்லை. எண்ணெய் வழிந்த இடத்தில் சேசிஸின் கறுப்புப் பெயின்ற் கொப்பளித்து உரிந்திருந்தது. முன்பக்க நட் காய்ந்து சுத்தமாக இருந்தது.

"முன்னுக்குக் கோடு இருக்கோ?"

"இருக்கு அண்ணை. ஆனால் ரெண்டு துண்டாய் நிக்குது. நட்டிலை உள்ள பாதி ஒரு நூல் தள்ளி."

"ம்," என்றார் இராஜசிங்கம். வெளியே வந்து, கையைத் துடைத்து, எல்லோரையும் காரைச் சுற்றி வரச் சொன்னார்.

"ஹெர் வீட்மர், பிறேக் எண்ணெய் பெயின்றை என்ன செய்யும்?"

"தின்றுவிடும். யாருக்கும் தெரியும்."

"நகப்பூச்சை?"

வீட்மர் பின்பக்க நட்டின் பக்கம் திரும்பினார்.

"ஒரு நாளுக்கு மேலாக எண்ணெயில் ஊறிய நட்டில் கோடு இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. எண்ணெய் படாத முன்பக்க நட்டைப் பாருங்கள். அங்கே கோடு இருக்கிறது, ஆனால் உடைந்து இருக்கிறது. தயாபரன் இறுக்கிக் கோடு போட்ட பிறகு யாரோ அந்த நட்டைத் திருப்பியிருக்கிறார்கள். ஒரு குழாயைக் கழற்ற இரண்டு முனையையும் கழற்ற வேண்டும்."

"எதற்காகக் கழற்ற வேண்டும்?" என்றார் அமான்.

"தயாபரனை ஒரு நிமிடம் அடியில் பார்க்க விடுங்கள்."

தயாபரன் குனிந்து பார்த்த வேகத்திலேயே நிமிர்ந்தான். "வளைவு எங்கே? சைலன்சருக்கு விலத்தி நான் வளைத்தேனே! யார் இதை நேராக்கியது?"

வீட்மர் தானே முழங்காலில் இருந்து பார்த்தார். அவருடைய கழுத்து சிவந்தது.

"கேள்வி அதுதான்," என்றார் இராஜசிங்கம். "ஹெர் வீட்மர் முப்பது வருடம் கார் கட்டியவர், இதை நேராக்கமாட்டார். ரெற்றோ அந்தச் சைலன்சரைத் தன் கையால் ஒட்டியவர், அதன் சூடு அவருக்குத் தெரியும். நேராக்கியவருக்கு இந்தக் காரின் அழகு தெரியும், சூடு தெரியாது. வளைந்து நிற்பதைக் கண்டால் கை சும்மா இருக்காத பழக்கம். திறப்பு வைத்திருப்பவர்களில் அப்படி ஒருவர்தான்."

அதுவரை ரெற்றோவையே முறைத்துக்கொண்டிருந்த குணசேகரம் அசடு வழியத் தலையைத் திருப்பினான்.

டொக்டர் அமான் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "ஞாயிற்றுக்கிழமை வந்தேன். சும்மா பார்க்கத்தான். அந்த ஒரு வளைவு கண்ணை உறுத்தியது. நேராக்கி முன்பக்கத்தை இறுக்கினேன். பின்பக்க நட்டைக் கையால் மட்டும் திருகிவைத்திருந்தபோது மேல்வீட்டு அம்மா வந்து, ஞாயிற்றுக்கிழமை என்ன சத்தம், பொலிசைக் கூப்பிடவா என்று கதவைத் தட்டினார். வெட்கமாகப் போய்விட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டேன்." குரல் இறங்கியது. "திங்கட்கிழமை இவனைக் குற்றம் சொன்னபோது வாயைத் திறக்க முடியவில்லை."

"திறந்தீர்கள். எல்லோரையும்விடச் சத்தமாக," என்றார் வீட்மர்.

"அந்த அம்மா தட்டியது உங்கள் அதிர்ஷ்டம்," என்றார் இராஜசிங்கம். "பின்பக்க நட்டையும் இறுக்கியிருந்தால் எண்ணெய் ஒழுகியிராது, யாரும் அடியில் பார்த்திருக்கமாட்டார்கள். மலைப்பாதை இறக்கத்தில் எண்ணெய் கொதித்திருக்கும். பக்கத்துச் சீட்டில் யார் வருவதாக இருந்தது?"

"என் மகள்," என்றார் அமான். பிறகு ரயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

வீட்மர் உறையை எடுத்து நான்காகக் கிழித்தார். தயாபரனிடம் வந்து, "நான் பார்த்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்," என்றார். அமானும் கையை நீட்டினார்.

தயாபரன் அந்தக் கையை உடனே பிடிக்கவில்லை. "வேலை போனது பரவாயில்லை, ஹெர் டொக்டர். நேற்று இரவு முழுக்க நான் என்னையே நம்பவில்லை," என்றான். சொல்லிவிட்டுத்தான் பிடித்தான்.

நேராக்கிய குழாயை மறுபடி வளைத்துப் பூட்டுவது ஆபத்து. புதுக் குழாய் வெட்டி, முனை விரித்து, ஒரு சாண் விலத்தி வளைத்துப் பூட்ட மத்தியானம் தாண்டியது. கழுத்துப்பட்டியோடு நிலத்தில் படுத்து டோர்ச் பிடித்தவர் டொக்டர் அமான்.

கடைசி நட்டையும் இறுக்கியபின் தயாபரன் கியூடெக்ஸ் போத்தலைத் திறந்து சிவப்புக் கோட்டை இழுத்தான். விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"அண்ணை, போட்டனான். கண்டனீங்களோ?"

"கண்டன்," என்றார் இராஜசிங்கம்.

"குணம், நீ?"

குணசேகரம் திரும்பவும் காருக்கு அடியில் ஊர்ந்து, கோட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"ஓமடா, கண்டன். வடிவா இருக்கு."