சண்டியர் ஏன் சாகவில்லை?

"ஐயோ அண்ணி! எல்லாம் போச்சு! ஓடி வாங்க!"

காலை ஆறு மணிக்கு மீன் பண்ணையே அதிரும்படி கத்தியவர் முதலாளியம்மாவின் கொழுந்தன். அந்த அம்மாள் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார். கண்ணாடிக் கூரைக்குக் கீழே, பெரிய தொட்டியில், முழங்கை நீளத் தங்கக் கெண்டைகள் வயிறு மேலாக மிதந்தன. குஞ்சு எடுப்பதற்கென்று பொத்திப் பொத்தி வளர்த்த தாய் மீன்கள்.

ஆறே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான பெண்மணி. தொட்டி மேடையின் படிகளை ஏறியதும் நின்று, இன்ஹேலரை எடுத்து ஒருதரம் உறிஞ்சிக்கொண்டார்.

"மேடத்துக்கு மூச்சுதான் கோளாறு, மூளை இல்ல" என்று கான்ஸ்டபிள் மெல்லச் சொன்னார்.

"காதும் இல்லய்யா" என்றார் இன்ஸ்பெக்டர், திரும்பாமலே.

கொழுந்தன் வழக்கையே முடித்து வைத்திருந்தார். தீனி மூட்டைமேல் ஒரு பெண் அழுதபடி உட்கார்ந்திருந்தாள். மீன்களுக்கு இரை போடுகிறவள். தீனியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பண்ணைக்குப் பின்னாலேயே குடியிருப்பு.

"இவதான் மேடம்! பூச்சி மருந்து பாட்டில், சுத்தமாக் காலி. இவ சாப்பாட்டுப் பைக்குள்ள இருந்துச்சு. நேத்து லீவு கேட்டா, அண்ணி தரல. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போனா."

"தூக்கினேன்தான். இல்லன்னு சொல்லல" என்றாள் தீனியக்கா. "அதுக்காக முட்டையிலேருந்து வளத்த புள்ளைங்களுக்கு விஷம் வைப்பேனா? நீங்களாவது சொல்லுங்கம்மா!"

முதலாளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இவளக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு இந்தப் பொழப்பே வேணாம். தம்பி சொல்ற மாதிரி எடத்த வித்துடறேன்."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"இருய்யா. என்ன அவசரம்?" இன்ஸ்பெக்டர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "ராத்திரி எங்க படுத்தீங்க?"

"இதோ, மோட்டார் ரூம்ல. இந்தத் தொட்டிக்குக் காத்து ஊதுற மோட்டார் உள்ளதான் இருக்கு. கரண்டு போய் வந்தாலும் கையால போட்டாத்தான் ஓடும். சாவி என்கிட்ட மட்டும்தான்."

"நல்ல தூக்கமோ?"

"எங்க மேடம்? கொசு பிடுங்கித் தின்னுடுச்சு. பொட்டுத் தூக்கம் இல்ல. அதனாலதான் இவ செருப்புச் சத்தம் காதுல விழுந்துச்சு. மோட்டார் இரைச்சலையும் மீறி!"

"மோட்டார் நடுவுல நின்னுச்சா?"

"ஒரு நொடி நிக்கல. இப்பவும் ஓடுதே, கேளுங்க. சத்தியமா."

"சந்தோஷம்."

இன்ஸ்பெக்டர் தொட்டிமேல் குனிந்தார். தண்ணீரில் பாசிச்செடி புதர்போல மண்டிக் கிடந்தது. மீன்களின் வாய் அகலத் திறந்திருந்தது. செவுள் மூடிகள் விரிந்து நின்றன. அவர் கை தானாகவே இன்ஹேலரைத் தேடியது.

'ப்ளக்!'

செத்த மீன்களுக்கு நடுவே பழுப்பாக ஏதோ ஒன்று மேலே வந்து, ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது.

"யாரு இது?"

"சண்டியர்" என்று மூக்கை உறிஞ்சினாள் தீனியக்கா. "பனையேறி மீனு. மீன் குஞ்சுங்களோட தவறிக் கலந்து வந்துச்சு. அழகு இல்லன்னு எவனும் வாங்க மாட்டான். பாவமேன்னு நான்தான் இதுல விட்டேன். இப்படித்தான், நெனச்சா மேல வந்து காத்தக் குடிக்கும்."

இன்ஸ்பெக்டரின் கண்கள் மின்னின. "பக்கத்துத் தொட்டியிலேருந்து ரெண்டு மீன் பிடிங்க."

"எதுக்கு?"

"இதுல விடத்தான்."

"இருக்கிறதையும் கொல்லவா?" என்று பதறினார் முதலாளியம்மா.

"செத்தா இந்த அக்காவ இழுத்துட்டுப் போறேன். சாகலன்னா?"

கொழுந்தனின் நெற்றி வேர்த்தது.

தீனியக்காவே வலையைப் போட்டாள். இரண்டு சின்னத் தங்கக் கெண்டைகள் தண்ணீருக்குள் வழுக்கி இறங்கின, புதருக்குள் மறைந்தன. வெயில் கூரை வழியே இறங்கிற்று. பாசி இலைகளில் முத்து முத்தாகக் காற்றுக் குமிழிகள் முளைத்தன. ஐந்து நிமிடம். பத்து. அரை மணி.

இரண்டும் வெளியே வந்தன. ஒன்றையொன்று துரத்தின!

"மேடம், நான் மூச்சு விடலாமா?" என்றார் கான்ஸ்டபிள்.

"விடுய்யா. செத்த மீனுங்களுக்குத்தான் விட வழியில்லாமப் போச்சு." இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "பாட்டில் விஷம் தொட்டியில இருந்தா இதுங்க சாகணும். சண்டியரும் ராத்திரியே செத்திருக்கணும். அது ஏன் சாகல? மத்த மீனுங்க தண்ணியில கரைஞ்ச காத்த மட்டும் செவுளால எடுக்கும். இது மேல வந்தும் எடுத்துக்கும். செத்ததெல்லாம் தண்ணியில காத்து தீர்ந்து செத்துச்சு. அந்தத் தெறந்த வாயப் பாருங்க. இழுப்பு வர்றப்ப கண்ணாடியில நான் பாக்கிற மூஞ்சி அது."

"இவ்வளவு செடி இருக்கே, அது காத்து குடுக்காதா?" என்று சீறினார் கொழுந்தன்.

"பகல்ல குடுக்கும். வெளிச்சம் போனா குடுக்கிற கை நின்னுடும், வாங்குற கை நிக்காது. இருட்டுல செடியும் மீனும் ஒரே காத்துக்குப் போட்டி. அதைச் சரிக்கட்டத்தான் மோட்டார். அது ராத்திரி நின்னுருக்கு."

"அப்ப... நான் அசந்திருப்பேன். தானா நின்னிருக்கும்."

"தானா நின்னது, பூட்டின ரூம்ல தானா ஓடுமா? செருப்புச் சத்தம் கேட்ட காதுக்கு, அவ்வளவு பெரிய இரைச்சல் அடங்கினது கேக்கலையா? நீங்கதான் நிறுத்தினீங்க. விடியறதுக்குள்ள போட்டுட்டீங்க. மீன் போனா அண்ணி மனசு விட்டு எடத்த விப்பாங்க. பழிக்கு இந்த அக்கா."

முதலாளியம்மா கொழுந்தனையே பார்த்தார். "தம்பி?"

அவர் தலை தொங்கியது.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார் இன்ஸ்பெக்டர். "பாட்டில வாங்கியாச்சு. நிஜமாவே ஊத்தியிருந்தா மாட்டியிருக்க மாட்டீங்களே?"

"மூச்சுல ஏறினா ஆபத்துன்னு மேல போட்டிருந்துச்சு" என்று முணுமுணுத்தார் கொழுந்தன். "இந்த மூடின கூரைக்குள்ள ஊத்தப் பயமா இருந்துச்சு... வெளிய குழி தோண்டிக் கொட்டிட்டேன்."

விலங்கு 'க்ளிக்' என்று கொழுந்தன் கையில் விழுந்தது.

முதலாளியம்மா தீனியக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். "லீவு... எத்தனை நாள் வேணும்?"

"லீவு கெடக்கட்டும். என் சாப்பாட்டுப் பையில மருந்து பாட்டில வச்சவர, அந்தப் பையத் தொவச்சுக் குடுத்துட்டு ஜெயிலுக்குப் போகச் சொல்லுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒரு பிடி தீனியை அள்ளி வீசினாள். புதிய மீன்கள் இரண்டும் பாய்ந்து வந்தன. அவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், சண்டியர்.

'ப்ளக்!'