பத்தாம் பங்கு

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கோசலை கடையின் இரும்புக் கதவை உயர்த்தியபோது, முதலில் பிழையாகப் பட்டது மணம்தான். சனிக்கிழமை இரவு கிருமிகொல்லி ஜவெல் தண்ணி ஊற்றித் தேய்த்துக் கழுவிப் பூட்டிவிட்டுப் போன இறைச்சிக்கடை. ஞாயிறும் திங்களும் அங்கே ஒரு ஈ கூட நுழைந்திருக்க வழியில்லை. ஆனால் உள்ளேயிருந்து மூக்கில் அடித்தது மக்கிப்போன இலையின் மணம், ஈரமண்ணின் மணம், அதற்கும் அடியில் மழையில் நனைந்த நாயின் உடம்பு மணம். பாரிசின் லா சப்பலில் இலை மக்க எங்கே மரம் இருக்கிறது?

விளக்கைப் போட்டாள். வெட்டுக்கட்டையின் மேல் ஒரு மான் கிடந்தது.

கழுத்து மட்டும் முறிந்திருந்தது. வேறு காயமில்லை, ஒரு கடி இல்லை, ஒரு சொட்டு இரத்தமில்லை. தலை இடப்பக்கம், கால்கள் சுவர்ப்பக்கம். பதினெட்டு வருஷமாக அவள் எந்த மிருகத்தையும் வெட்ட அப்படித்தான் கிடத்துவாள். அது வேறொருவருக்கும் தெரிய நியாயமில்லை.

பூட்டு உடையவில்லை. பின்முற்றத்துக் கதவின் தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தது. பூட்டின் இரண்டாவது திறப்பு புருசன் குணரத்தினத்திடம் இருந்தது. அவர் ருவாசி விமான நிலையத்தில் இரவு வேலை, பெட்டி ஏற்றுகிறவர். அவருக்குப் போன் அடித்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் கடையிலை மான் ஏதும் கொண்டுவந்து வைச்சனீங்களோ?"

"மானோ? கோசலை, விசரே உமக்கு?"

சுகாதாரப் பரிசோதனைக்காரர் இந்த நேரம் பார்த்து வந்தால் கதை முடிந்தது. முத்திரை இல்லாத காட்டு மிருகம் கடைக்குள் கிடந்தால் அன்றைக்கே கடைக்குச் சீல் வைப்பார்கள். கறுப்புப் பையில் சுற்றி, கத்தியே வைக்காமல், முழுசாகக் கொண்டுபோய் எறிந்தாள். எறிந்துவிட்டு வரும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நடந்தது நினைவில் இடறியது.

கோசலையிடம் வேட்டை அனுமதி இருந்தது. ஊர்ச்சனம் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். பாரிசுக்கு வடக்கே, கூசேன்வில்லுக்கு அங்காலை உள்ள காட்டில், பேனாட் என்ற கிழவனின் வேட்டைச் சங்கத்தில் ஒன்பது பேர். ஒரே பெண் இவள், ஒரே தமிழும் இவள். பன்றி விழுந்தால் வெட்டுவது இவள் பொறுப்பு. நம்மட பங்கு இறைச்சி முறையை அந்த வெள்ளைக்காரருக்குப் பழக்கிவிட்டவளும் இவள்தான்: நிலத்தில் படங்குத் துணியை விரித்து, ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு, எலும்பு, சதை என்று எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கூறு போடுவது. பங்கு போடும் இடத்தில் நிற்கிறவன் எதிரியென்றாலும் அவனுக்கும் ஒரு பங்கு. போட்ட பங்கைத் திரும்பக் கூட்டக்கூடாது. பங்கு வாங்கினவர் அடுத்த வேட்டையில் தன் பங்குக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும்.

அந்த ஞாயிறு மரியான் வந்திருந்தாள். காட்டு மிருகங்களைக் கணக்கெடுக்கும் அரசாங்க உத்தியோகத்தி. ஒரு வருஷத்தில் மான் பாதியாகிவிட்டது, ஆட்டுப்பட்டிக்காரன் அழுகிறான், காட்டில் கட்டின எங்கள் கமராவிலேயே ஏழு ஓநாய் ஒன்றாகப் போகிறது என்று பேனாட் தொண்டை கிழியச் சொன்னார். மரியான் கோப்பைப் புரட்டினாள். மாவட்டம் முழுக்க இரண்டு. உறுதிப்படுத்தப்பட்டது இரண்டே இரண்டு. வேட்டைக்காரருக்கு எப்போதும் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும் என்று ஒரு சிரிப்பு வேறு.

கோசலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் முறை முறைதான். பத்துப் பங்கு போட்டாள். மரியான் கையை விரித்தாள்: "மன்னிக்கவேணும் மதாம், நாங்கள் ஒன்றும் வாங்கக்கூடாது."

ஒன்பது பேர், பத்துப் பங்கு. ஆளில்லாத பங்கு படங்கில் கிடக்கலாமா? கோசலை அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு விறுவிறென்று காட்டோரம் நடந்தாள். "அப்ப இது உங்கடை ஓநாய்க்கு!" என்று பிரெஞ்சில் கத்தி, ஒரு அடிமரத்தில் வைத்துவிட்டு வந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மரியான்கூடச் சிரித்தாள்.

புதன்கிழமை கட்டையில் ஒரு செம்மறி கிடந்தது. காதில் மஞ்சள் இலக்கத் தகடு. கழுத்து முறிவு. தலை இடப்பக்கம்.

மரியானுக்குப் போன் அடித்தாள். "மதாம், பாரிசுக்குள் ஓநாயா?" அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "கொன்றதைத் தின்னாமல் விட்டுவிட்டுப் போக அதுக்கென்ன பைத்தியமா? யாரோ உங்களோடு விளையாடுகிறார்கள்."

பேனாட்டுக்கும் போன் அடித்தாள். அவர் சிரிக்கவில்லை. "கோசலை, உன் துவக்கு என் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கு. கேட்டாலும் தரமாட்டேன். ஓநாயைச் சுட்டால் மறியல், சிறைதான்."

"துவக்கை நீரே வைத்திரும்," என்றாள். "எனக்குக் கத்தி போதும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு முழுக்க அவள் கண் வாசலிலேயே இருந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறபட்டபோதும், வருவது வாடிக்கையாளர்தானா என்று கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பயம்தான். வெறும் பயம். அதைத் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

வியாழக்கிழமை ஒரு காவல் நாய். கழுத்தில் பட்டி, பட்டியில் அறுந்த சங்கிலி. மானைவிட ஆடு பாரம், ஆட்டைவிட இது பாரம். அன்றுதான் நிலத்தையும் பார்த்தாள். ஈரச்சேறு, கால் தடங்கள், ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கை அகலம். கண்டபடி இல்லை. சனிக்கிழமைகளில் சனம் நிற்கும் இடத்தில், கல்லாவுக்கு முன்னால், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக. அவள் நிற்கும் பக்கத்தில் ஒரு தடம்கூட இல்லை.

கோசலைக்கு விளங்கிவிட்டது. வேட்டையாட அந்த ஓநாய்களுக்குத் தெரியும். பங்கு போடத் தெரியாது. பங்கு போடுகிறவள் ஆரென்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டன. தங்கள் பங்குக்குக் கொண்டுவருகின்றன. அவள் ஒன்றையும் வெட்டவில்லை, எல்லாவற்றையும் முழுசாகவே எறிந்தாள். ஆகவே, இன்னும் நல்லதாகப் பார்த்துக் கொண்டுவருகின்றன.

நாய்க்குப் பிறகு என்ன? அந்த இடத்தில் அவள் யோசனையை நிறுத்திக்கொண்டாள்.

"கடையைக் கொஞ்ச நாளைக்குப் பூட்டிவிடும்," என்றார் குணரத்தினம்.

"ஏன் பூட்டவேணும்? என்ரை கடை. ஆர் என்னத்தைக் கொண்டுவந்து போட்டாலும், வெட்டுறதோ இல்லையோ எண்டு நான்தான் சொல்லுவன். நாளைக்கு ஆறு மணிக்கே போய் நிக்கப்போறன். நீங்கள் மட்டும் வேலை முடிய நேரே வீட்டை போங்கோ. கடைப்பக்கம் வராதேங்கோ. கேட்டதே?"

"உம்மைத் தனிய விட்டுட்டு நான் வீட்டை போய்ப் படுக்கிறதோ? ஆறரைக்கு அங்கை நிப்பன்."

"சொன்னாக் கேளுங்கோ!"

"கோசலை. வருவன் எண்டால் வருவன்."

முப்பது வருஷத்தில் அந்த மனிசன் ஒரு நாளாவது சொல்லுக் கேட்டிருந்தால்தானே!

வெள்ளிக்கிழமை ஆறு மணி. உள்ளே போய் இரும்புக் கதவை இறக்கிப் பூட்டினாள். பின்கதவுக்கு இரும்புச் சட்டம் போட்டாள். எல்லா விளக்கையும் எரியவிட்டாள். கட்டை காலியாக, காய்ந்து, வெள்ளையாக இருந்தது. பெரிய கத்தியை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றாள். குளிர்ப்பெட்டியின் இரைச்சல். மேலே ஆரோ குழாய் திறக்கும் சத்தம். பிறகு, தூரத்தில், பாலத்தின் மேல் போன முதல் ரயில்.

ஆறு இருபதுக்கு அந்த மணம் வந்தது. இலை. மண். ஈரமயிர்.

வெளியே, இரும்புக் கதவுக்கு அங்கால், நடைபாதையில் நகங்கள் தட்டுப்படும் சத்தம். ஒன்றிரண்டல்ல. மழை தொடங்கும்போது தகரத்தில் விழுவதுபோல், முதலில் அங்கொன்று இங்கொன்றாக, பிறகு எண்ணமுடியாமல். உறுமல் இல்லை. ஊளை இல்லை. அவசரமும் இல்லை.

போனை எடுத்தாள். "வராதேங்கோ," என்று சொல்வதற்குத்தான் எடுத்தாள். அவர் எடுக்கவில்லை. மணி போய்க்கொண்டிருந்தது.

கதவின் அடியில் ஒரு மூக்கு. முகர்ந்தது.

குனிந்து, கத்தியை ஓங்கினாள். "போ அங்காலை, சனியனே!"

மூக்கு பின்வாங்கியது.

மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது. போனில் மட்டுமல்ல. கடைக்குள்ளும். அவளுக்குப் பின்னால்.

திரும்பினாள்.

கட்டையில் குணரத்தினம் கிடந்தார். தலை இடப்பக்கம். வேலைத்தள மஞ்சள் மேலங்கி. சட்டைப்பையில் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அதிர்ந்தது. கண் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. கழுத்தில் முறிவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. கொன்று கொண்டுவந்ததை இவள் மூன்று நாளும் வெட்டவில்லை. சரி, இது உயிரோடு.

"கோசலை," என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

பின்னால் இரும்புக் கதவு உயர்ந்தது. பூட்டியிருந்த கதவு. மெல்ல, முழுக்க.

தெருவில் ஒரு மனிதர்கூட இல்லை. கோசலை ஓநாய்களை எண்ணினாள். வேட்டைக்காரியின் பழக்கம், தன்பாட்டில் எண்ணியது. இரண்டு. ஏழு. பத்தொன்பது. கல்லாவிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து நடைபாதை நெடுக, தெருவிளக்குகளின் கீழே ஒன்றன்பின் ஒன்றாக, பாலம்வரை. பாலத்துக்கு அங்காலும். நாற்பத்தாறோடு எண்ணுவதை விட்டாள். எல்லாம் குந்தியிருந்தன. எல்லாம் அவள் கையிலிருந்த கத்தியையே பார்த்தன.

"வெட்டமாட்டன்."

காது ஒன்று அசைந்தது.

"கேட்டுதே? உங்களுக்கு நான் ஒண்டும் வெட்டமாட்டன்! இரண்டாயிருங்கோ, இருநூறாயிருங்கோ. என்னைத் தாண்டித்தான் இந்த மனிசனைத் தொடவேணும்!"

கட்டையில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றாள். குணரத்தினத்தின் விரல்கள் அவளுடைய மேலுடுப்பைப் பின்னாலிருந்து இறுகப் பற்றின. கத்தியை முன்னால் நீட்டினாள்.

முன்னால் இருந்தது, எல்லாவற்றிலும் பெரியது, எழுந்தது. பல்லைக் காட்டவில்லை. பாயவில்லை. அவள் காலடிவரை வந்து, திரும்பவும் அமைதியாகக் குந்திக்கொண்டது.

அதற்குப் பின்னால், கடைக்குள்ளிருந்து தெருவின் அந்தலைவரை, வரிசை முழுக்க ஓர் அடி முன்னால் நகர்ந்தது.