சிவந்த சோதனைக் குழாய்

“எங்கப்பாவுக்கு நோய் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அது பொய்னு நீங்க நிரூபிக்கணும்க்கா!”

ராமநாதபுரத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் முன்னாள் இன்ஸ்பெக்டர் வீரலட்சுமி, வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். உதவியாளன் மாரிச்செல்வம் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான்.

வந்தவள் பாம்பன் ஜெர்லின். தந்தை கில்பர்ட் விசைப்படகு ஓட்டுபவர். இப்போது கைத்தசைகள் கரைகின்றன. அவருடைய தாயும் அக்காவும் இதே இயக்க நரம்பு நோயில் இறந்தவர்கள். அக்காவுக்கு மரபணுத் திரிபு உறுதியாகியிருந்தது.

“அந்தத் திரிபு இருக்கிறவங்களுக்குன்னே ஒரு ஊசி இருக்காம். நோயோட வேகத்தைக் குறைக்குமாம். இப்பத்தான் டாக்டர் சொன்னார். கையைப் பாத்தா அதேதாங்கிறார், ரிப்போர்ட் இல்லைங்குது. ஊசிக்கு வழியில்லக்கா!”

“லேப்ல மாத்திட்டாங்க மேடம்!” மாரிச்செல்வம் துள்ளினான்.

“முதல்ல வண்டியை எடு.”

பாம்பன் வீட்டில் கில்பர்ட்டோடு தம்பி டேவிட்ராஜும் இருந்தான். மஸ்கட்டில் டிரைவர், விடுமுறையில் வந்திருந்தான். வீரலட்சுமி வெற்றிலைப் பையை நீட்ட, கில்பர்ட் கறைப்பல் தெரியச் சிரித்தார்.

“வேணாம் தாயி, தவக்காலம். அம்மா போனதுலருந்து சாம்பல் புதன் தொட்டு ஈஸ்டர் வரைக்கும் தொடுறதில்ல.”

“மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் எப்பக் குடுத்தீங்க?”

“சாம்பல் புதனுக்கு மறுவாரம். தம்பி வந்து இறங்குன அன்னைக்குக் காலையில. மூடியைத் திருக விரல்ல பலமில்ல. அவந்தான் அடுக்களைக்குக் கொண்டுபோய் மூடிக் குடுத்தான்.”

வீட்டுக்கு வந்து எச்சில் மாதிரியை வாங்கிப்போன லேப் ஊழியர் லாமியாவைப் போனில் பிடித்தார் வீரலட்சுமி.

“ஞாபகமிருக்கு மேடம். குழாய்ல லேசா வெத்தலைச் சிவப்பு. ஐயா பல்லைப் பாத்தேன், சரிதான்னு வாங்கிக்கிட்டேன்.”

“அண்ணன் எந்நேரமும் மெல்லுற ஆளுதானே!” என்றான் டேவிட்ராஜ் அவசரமாக.

“அப்ப எச்சில் இவரோடதுதான்! தப்பு லேப்லதான்!” மாரிச்செல்வம் தொடையில் தட்டினான்.

“நேர்மாறு மாரி. சிவப்பா இருந்ததாலதான் அது இவரோடது இல்ல. தவக்காலத்துல இவர் வாய்ல ஏது வெத்தலை? இவர் எச்சிலைக் கொட்டிட்டு, இவரோடது மாதிரி தெரிய யாரோ வெத்தலை மென்னு துப்பிருக்காங்க. விரதத்தை அறியாத ஆளு. குழாயோட தனியா இருந்த ஆளு. தனக்குத் திரிபு இல்லைன்னு முன்னாடியே தெரிஞ்ச ஆளு.” அவர் திரும்பினார். “மஸ்கட்லயே பரிசோதிச்சுட்டீங்களா, டேவிட்ராஜ்?”

“ஏலே!” கில்பர்ட் எழ முயன்று விழப்போனார். டேவிட்ராஜ் ஓடிவந்து தாங்கினான்.

“பாத்தேன், எனக்கு இல்ல. உனக்கு இருக்குன்னு தெரிஞ்சா புள்ளையோட நிச்சயம் முறிஞ்சுருமேண்ணே! ஊசி இருக்குன்னு சத்தியமாத் தெரியாது!”

“மாப்பிள்ளைகிட்ட நான் என்னைக்கோ சொல்லிட்டேன் சித்தப்பா,” என்றாள் ஜெர்லின். “‘முதல்ல மாமாவுக்கு வைத்தியம் பாருங்க’ன்னுட்டாரு. நீங்கதான் பெரிய தியாகி!”

மறுநாள் லாமியாவே நேரில் வந்து, கண்ணெதிரே துப்பச் சொல்லி, தானே மூடி எடுத்துச் சென்றாள்.

புதிய ரிப்போர்ட் போனில் வந்ததும் ஜெர்லின் தெருவுக்கே ஓடினாள்.

“இருக்கு! எங்கப்பாவுக்கு இருக்கு!”

கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அருள்மேரி பதறி நிமிர்ந்தாள். “என்னடி இருக்கு?”

“நோயிதான் அத்தை!” என்று சிரித்துக்கொண்டே அழுதாள் ஜெர்லின்.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக, வாடகை வேனை டேவிட்ராஜ் அதற்குள் கிளப்பியிருந்தான்.