மூன்றாம் நாள் பாலம்

ஞாயிறு மாலை 4.22. மோர்டன் மண்டபத்தில் கஜந்தினி மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். வைத்த இடத்திலேயே இருந்து தொலையாதா என்ற நப்பாசையில் மறுபடியும் மேசையைப் பார்த்தாள்.

"அல்பத்தைக் காணேல்லை," என்றாள்.

மண்டபத்தில் அப்போது ஐந்து பேர்தான். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தச் சிவப்பு அல்பத்தின் கதை இதுதான். மே மாதம் மோர்டன் நடை வட்டத்தார் எட்டுப் பேர் பிரான்ஸுக்குப் போய், வயலும் திராட்சைத் தோட்டமுமாகக் கிடக்கும் நாட்டுப்புறப் பாதைகளில் ஐந்து நாள் நடந்துவிட்டு வந்தார்கள். அந்தப் பாதையில் ஊருக்கு ஊர் ஏதாவது ஒரு பழைய சின்னம் உண்டு. ஓரிடத்தில் மணிக்கூண்டு, ஓரிடத்தில் ஊர்ப் பெண்கள் துணி துவைத்த கல்தொட்டி, ஓரிடத்தில் புறாக் கோபுரம், ஓரிடத்தில் கூன் விழுந்த கல்பாலம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுவரில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு முத்திரை. நடந்து வந்தவர் தன் அட்டையில் தானே குத்திக்கொள்ள வேண்டும். நாளுக்கு மூன்று வீதம் ஐந்து நாளுக்குப் பதினைந்து. எல்லோருடைய அட்டையையும் வாங்கிக் கஜந்தினி நேற்றுத்தான் அந்தப் பெரிய அல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தாள். ஐந்து மணிக்கு அறுபது விருந்தினர் வருகிறார்கள். பதினைந்தும் முடித்தவர்களுக்குப் பொன்னாடை.

"ஒருத்தரும் வெளியில போகவேண்டாம்," என்றார் குகதாசன்.

குகதாசனுக்கு அறுபத்தாறு வயது. ஒரு பெரிய கடையில் இருபத்திரண்டு வருடம் சாதாரண உடுப்பில் நின்று களவு பிடித்தவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பிடிக்க ஆள் கிடைக்காமல் மனிதருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. அவருடைய தொழில் இரகசியம் ஒன்றே ஒன்று: ஆளின் முகத்தைப் பார்க்காதே, பையைப் பார். வெறுமையாக வந்த பை பாரமாக வெளியே போனால் ஆள் அகப்பட்டான். இதை மோர்டனில் அவர் சொல்லாத வீடு இல்லை.

சொல்லாத வீடு இல்லாத இன்னொரு கதையும் அவரிடம் இருந்தது. அவர் மனைவி அருமைநாயகி அறுபத்திரண்டு வயதில், உளைகிற முழங்காலோடு, ஐந்து நாளும் ஓரடி விடாமல் நடந்து முடித்த கதை. கோயிலில் சொன்னார், மீன்கடையில் சொன்னார், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சொன்னார். இன்றைக்கு மேடையில் அவளுடைய அட்டையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டுத் தன் கையாலேயே பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. பேச்சு எழுதிய தாள் சட்டைப் பையில் இருந்தது. அல்பம் இல்லாவிட்டால் அறுபது பேர் முன்னால் மானம் போய்விடும் என்று அவருக்குப் பட்டது.

4.26. விசாரணை தொடங்கியது.

"அல்பத்தைக் கடைசியாக் கண்டது எப்ப, பிள்ளை?"

"நாலு மணிக்கு மேசையில வைச்சனான், அண்ணை," என்றாள் கஜந்தினி. "பிறகு புரொஜெக்டர் வேலை செய்யேல்லை எண்டு எல்லாரும் மேடைப்பக்கம் போனனாங்கள்."

"அதுக்குப் பிறகு வெளியில போனது ஆர்?"

நடைப் படங்களைக் காட்டப்போகிற சுஜீத் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். "பிரியம்வதா போன் கதைக்கப் போனவ. நீங்களும் போனீங்கள், அங்கிள்."

"நான் பெட்டியைக் காரில வைக்கப் போனனான்," என்றார் குகதாசன் எரிச்சலோடு.

அது உண்மை. சாப்பாடு கொண்டுவந்த குளிர்ப்பெட்டி இடத்தை அடைக்கிறது என்று அருமைநாயகிதான் அவரிடம் கொடுத்தாள். "பாத்திரம் கிடக்கு, பார்த்துத் தூக்குங்கோ," என்றும் சொன்னாள். கார்வரைக்கும் தூக்கிப் போனதில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இப்போதும் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் விசாரித்தார்.

"அல்பத்தை விக்கேலாது," என்றார். "அப்ப எடுத்தது எதுக்கு? அதுக்குள்ள இருக்கிற ஏதோ ஒண்டை அறுபது பேர் பார்க்கிறது ஒராளுக்குப் பிடிக்கேல்லை. முழுசா நடக்காத ஆள். முத்திரை குறையிற அட்டை. ஆரின்ர அட்டையில குறைஞ்சது, பிள்ளை?"

"நான் எண்ணிப் பார்க்கேல்லை, அண்ணை. கண்ணைக் கட்டுற நித்திரையில ஒட்டினது. உங்கட ரெண்டையும்கூட நீங்கள் வெள்ளிக்கிழமை தந்தபடியே ஒட்டிவிட்டன்."

"ஓம், இவவின்ர அலுமாரி லாச்சிக்குள்ள கிடந்தது. நான்தான் எடுத்துக்கொண்டு வந்தனான்," என்றார் பெருமையாக.

மேசையின் அந்தப் பக்கத்தில் அருமைநாயகி வடைச் சட்டியையும் ரோல்ஸ் சட்டியையும் சம்பல் சட்டியையும் வரிசையாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

குகதாசன் மூன்றாம் நாளைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் ஏற்றம் அதிகம்; கூன் விழுந்த கல்பாலமும் அன்றைக்குத்தான். காலையில் எல்லோருக்கும் வழிப்படம் கொடுத்துவிட்டால் அவரவர் வேகத்தில் நடந்து மாலையில் அடுத்த விடுதியில் சந்திப்பதுதான் ஒழுங்கு. யாரும் யாரையும் எண்ணுவதில்லை.

"சுஜீத், மூண்டாம் நாள் ஆரோட நடந்தனீர்?"

"உங்களோட, அங்கிள். முன்னுக்கு."

"பிள்ளை, நீங்கள்?"

"நடுவில, மற்ற மூண்டு பேரோட. அவை அஞ்சு மணிக்கு வருவினம், கேட்டுப்பாருங்கோ."

குகதாசன் பிரியம்வதாவின் பக்கம் திரும்பினார். கோயம்புத்தூர்ப் பெண். வங்கியில் கணினி வேலை. வட்டத்தில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தோளில் பெரிய முதுகுப்பை. அந்த மண்டபத்தில் அல்பம் கொள்ளக்கூடிய பை அது ஒன்றுதான்.

"நீங்கள்?"

"பின்னாடி வந்தேன், அங்கிள். மெதுவா."

"பாலத்தைக் கண்டனீங்களோ?"

"ஆமா."

"எத்தினை வளைவு?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். "மூணு."

குகதாசனின் முதுகு வலி பறந்துபோயிற்று. "ஒண்டு. ஒரே வளைவு. ஒட்டகத்தின்ர முதுகு மாதிரி. நீங்கள் அந்தப் பாலத்தைக் காணவே இல்லை."

"இஞ்சாருங்கோ," என்றாள் அருமைநாயகி. "அந்தப் பிள்ளையை விடுங்கோ."

"நீர் சும்மா இரும்."

"ஆமா, அன்னைக்கு நான் நடக்கல," என்றாள் பிரியம்வதா. முகம் சிவந்திருந்தது. "ஆனா ஆல்பத்தை நான் எடுக்கல."

"அப்ப பையைத் திறவுங்கோ."

கஜந்தினி "அண்ணை" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அருமைநாயகி இன்னொரு தடவை "விடுங்கோ" என்றாள். அவர் கையைக் காட்டி இரண்டு பேரையும் அடக்கினார். கடையில் எத்தனை பேருடைய பையை இப்படித் திறக்க வைத்திருப்பார். பிரியம்வதா பையை மேசையில் வைத்துத் திறந்தாள்.

அல்பம் இல்லை. மழைச் சட்டை, தண்ணீர்ப் போத்தல், அடியில் ஒரு பிரெஞ்சு மருந்துக்கடைப் பை. அதற்குள் முழங்காலில் மாட்டுகிற இறுக்கப் பட்டி ஒன்று, கழுவி மடித்தபடி. கூடவே ரசீது. மூன்றாம் நாளின் திகதி. நேரம் காலை 11.40.

"அப்ப முழங்கால் ஏலாமல் போச்சுது. சொல்லியிருக்கலாமே," என்றார் குகதாசன்.

கஜந்தினி அந்தப் பட்டியைக் கையில் எடுத்து விரித்தாள். "அண்ணை, நாலாம் நாள் மணிக்கூண்டில இவ ஓட்டமா ஏறினவ. நாங்கள்தான் பின்னால இளைச்சுக்கொண்டு போனது. பிறகு இது இவவின்ர காலுக்குப் பெரிசு. நழுவி விழுந்திடும்."

பிரியம்வதா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

4.47. குகதாசனின் மூளை பழக்கதோஷத்தில் தன்பாட்டுக்கு வேலை செய்தது. வேறு ஒருவருடைய பட்டி. இந்தப் பெண் தனக்குத் தெரிந்ததை மறைத்து, பழியையும் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். யாருக்காக? மூன்றாம் நாள் யார் யாரோடு நடந்தார்கள் என்று எல்லோரையும் கேட்டாயிற்று. இல்லை, ஒராளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. அவரும் சுஜீத்தும் விடிய எட்டு மணிக்கே புறப்பட்டு, யார் முதலில் பாலத்துக்குப் போகிறது என்று பந்தயம் பிடித்துக்கொண்டு போனார்கள். மாலையில் விடுதியில், "எப்பிடிப் பாலம்?" என்று கேட்டார். "நல்லா இருந்தது," என்றாள் மனைவி. அவர் சூப்பைக் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

மேசையைப் பார்த்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்தது மூன்று சட்டி. மூன்றும் அங்கேயே இருந்தன, வடையோடும் ரோல்ஸோடும் சம்பலோடும். அப்படியென்றால் அந்தப் பெட்டிக்குள் என்ன பாத்திரம்? தன் முதுகைப் பிடிக்க வைத்த பாரம் எது?

இருபத்திரண்டு வருடம் ஊராருடைய பையின் பாரத்தை எடைபோட்ட மனிதர் தன் கையில் இருந்த பாரத்தை ஏனென்று கேட்கவில்லை.

அவர் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார். பின்கதவைத் தூக்கிப் பெட்டியைத் திறந்தார். பாத்திரம் துடைக்கும் துவாய்க்குக் கீழே சிவப்பு அல்பம். தங்கள் பக்கத்தைத் தேடிப் பிரித்தார். இரண்டு அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. அவருடையதில் ஐந்து வரிசையும் நிரம்பியிருந்தது. அவளுடையதில் மூன்றாம் வரிசை வெறுமை. அவர் அதே அட்டையை லாச்சியிலிருந்து எடுத்தவர், கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. முகமெல்லாம் சுட்டது. காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டால் என்ன என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

4.54. அல்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"எடுத்த ஆள் நான்தான்," என்றார். "நான்தான் காருக்குக் கொண்டுபோனது."

"பொய் சொல்லாதேங்கோ," என்றாள் அருமைநாயகி. "நான் எடுத்தனான். பெட்டிக்குள்ள போட்டு இவரிட்டக் குடுத்தனான். என்ர அட்டை உதுக்குள்ள கிடக்கெண்டு நாலு மணிக்குத்தான் கண்டது. கிழிப்பமெண்டால் ஒட்டிப்போட்டுது. வேற யோசினை வரேல்லை." பிரியம்வதாவின் கையைப் பிடித்தாள். "அண்டைக்கு முதலாவது மேட்டிலயே கால் மடங்கிப்போச்சு. பாதைக்கரையில இருந்து அழுதுகொண்டிருந்தன். இந்தப் பிள்ளை தன்ர நடையை விட்டிட்டு என்னோட நிண்டது. பாண் கடைக்காரன்ர வண்டியை மறிச்சு மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது. இவருக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் சத்தியம் வாங்கினனான். பட்டியையும் இவர் காணக்கூடாதெண்டு பிள்ளையின்ர பையில வைச்சது. இண்டைக்கு என்னால அது கள்ளியாகி நிக்குது. நான் பார்த்துக்கொண்டு நிண்டன்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார் குகதாசன். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான கேள்வி என்று தெரிந்தது.

"செயின்ட் பங்கிராசில பிரான்ஸுக்கு ரயில் ஏறேக்கை நீங்கள் சொன்னது என்ன?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. எல்லோரும் கேட்கச் சொன்னார். ஏலாதெண்டால் இப்பவே திரும்பிப் போம், அங்க வந்து ஆக்களுக்கு முன்னால என்னை வெட்கப்படுத்தாதையும்.

சுஜீத் வயரைச் சுற்றுகிற சாக்கில் திரும்பி நின்றான். குகதாசன் மேசையில் திறந்து கிடந்த முதுகுப்பைக்குள் மழைச் சட்டையையும் போத்தலையும் திருப்பி அடுக்கினார். பையின் சிப் இழுக்க வரவில்லை; இரண்டாம் தரம் இழுத்தார்.

"பிள்ளை, என்னை மன்னியுங்கோ. ஆக்களுக்கு முன்னால உங்களை இப்பிடிச் செய்தனான். ஆக்களுக்கு முன்னாலயே திருப்பியும் சொல்லுறன்."

"பரவாயில்ல அங்கிள்," என்றாள் பிரியம்வதா. ஆனால் அவரைப் பார்க்கவில்லை. பையை வாங்கித் தோளில் போடாமல் காலடியில் வைத்தாள்.

5.00. கதவு திறந்தது. குடையும் பிள்ளைகளும் சத்தமுமாக ஆட்கள் உள்ளே வந்தார்கள். கஜந்தினி அல்பத்தை எடுத்து மேசைக்குக் கீழே வைக்கப் பார்த்தாள்.

"வேண்டாம், அதிலயே இருக்கட்டும்," என்றாள் அருமைநாயகி. தங்கள் பக்கத்தைத் தானே விரித்து வைத்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இத்தனை நாளில் முதல் தடவையாக எல்லோருக்கும் தெரிய முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் மேசைக்கு வந்தவர் இராஜேந்திரன். மீன்கடையில் குகதாசனின் கதையை மூன்று தரம் கேட்டவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலால் ஒவ்வொரு முத்திரையாகத் தொட்டு எண்ணினார். நிறுத்தினார்.

"என்ன அண்ணை, அக்கான்ர மூண்டாம் நாளைக் காணேல்லை? அண்டைக்கு அவ எங்க நிண்டவ?"

குகதாசன் பேச்சுத் தாளைச் சட்டைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினார். பின்னால் நின்றவர்களும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது, தம்பி," என்றார். "நான் திரும்பிப் பார்க்கேல்லை."