பாட்டு முடிந்ததும்

பாட்டு முடிந்ததும் யாரோ கைதட்டினார்கள்.

அக்கா கேமராவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டாள். தம்பியின் குரல் உச்சியில் ஏறி நின்றது. ட்ரம்ஸின் கடைசி அடி ஜல்லென்று சிதறி அடங்கியது. அதற்குப் பிறகு ஈரக் கைகளால் தட்டுவதுபோல, பட், பட் என்று அவசரமில்லாத ஒரு கைதட்டல். இன்னொன்று அதோடு சேர்ந்துகொண்டது. மத்தியானம் ஒத்திகை அறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: பாடுகிற தம்பி, கிட்டார் வாசிக்கும் நெட்டை, ட்ரம்ஸ் வாசித்தே ‘இடி’ என்று பெயர் வாங்கிய தடியன், கேமராவுக்குப் பின்னால் அவள். அவள் தட்டவில்லை. அம்மா போனதிலிருந்து அவள் கைகள் தேவைக்கு மேல் எதுவும் செய்வதில்லை.

அம்மா போனதிலிருந்து தம்பியும் பாடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறக்கிறான். பெரிய அரங்கம் ஒன்றில் வாசிக்க ஒரு வாய்ப்பு வந்திருந்தது. இவர்கள் நேரில் வாசிக்கும் வீடியோவை அனுப்பி, அது அவர்களுக்குப் பிடித்திருந்தால் கூப்பிடுவார்களாம். அதுவும் கைநழுவினால் அவன் பாட்டையும் விட்டுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். கட்டுப்படியாகிற விலையில் ஒரு கேமரா தேடிப் பழைய சாமான் கடைக்குப் போனது அதனால்தான்.

“கச்சேரி எடுக்கத்தானேம்மா? படத்தைப் பார்த்து மயங்கிடாதீங்க,” என்றார் கடைக்காரர், புதிது ஒன்றும் பழையது ஒன்றுமாக இரண்டு கேமராக்களை எடுத்து வைத்து. “படம் எல்லாத்துலயும் வரும். ட்ரம்ஸ் அடிக்கிறப்ப சத்தம் கிழியுதான்னு பாருங்க. ரெண்டையும் கொண்டு போய் ஓட்டிப் பாத்துட்டு வாங்க.”

உள்ளங்கையில் அடங்கிய புதிய கேமராவில் இடி அடித்த ஒவ்வொரு அடியும் தகரத்தை இழுத்துக் கிழிப்பதுபோலக் கேட்டது. கனமான பழையதில், பக்கவாட்டில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருகிச் சத்தத்தை இறக்கி வைக்க முடிந்தது. அடி அடியாகவே விழுந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே பாட்டைத்தான் எடுத்தன. கைதட்டல் பழையதில் மட்டும் இருந்தது.

கடைக்காரருக்கு ஃபோன் செய்தாள். “அந்தப் பழைய கேமராவுல யாரோ கைதட்டுறாங்க.”

“நல்லா பாடினா கைதட்டத்தானேம்மா செய்வாங்க?”

“அங்க வேற யாருமே இல்ல.”

மறுமுனையில் சிரிப்பு பாதியில் நின்றது. “உள்ள இருக்கிற மெமரி கார்டு புதுசும்மா, பழைய பதிவு எதுவும் இருக்காது. நான்தான் உறையைப் பிரிச்சுப் போட்டேன். வேணாம்னா திருப்பிக் கொடுத்துடுங்க.”

“இல்ல. சத்தம் நல்லா இருக்கு,” என்றாள்.

கைதட்டல்தானே, கடைசியில் வெட்டிவிட்டால் போயிற்று. இவ்வளவு நிதானமாக நினைக்க முடிகிறதே என்று மனதின் ஏதோ மூலையில் உறுத்தியது. மரத்துப்போன காலைக் கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது; அப்படி.

மறுநாள் சாயங்காலம் மறுபடி அந்த அறை. மரச்சாமான் கிடங்குக்கு அடியில், சுவரெல்லாம் பழைய கம்பளம் அறைந்து, ஊறிப்போன துணியும் சூடேறிய ஒயரும் சேர்ந்த வாடை எப்போதும் தேங்கிக் கிடக்கும் அறை. கேமராவை முக்காலியில் ஏற்றிவிட்டு, சுவரோடு முதுகு ஒட்டுகிற அளவுக்குப் பின்னால் நகர்ந்து நின்று, பதிவாகிற சத்தத்தை அப்போதைக்கப்போதே கேட்பதற்காக ஹெட்போனைச் செருகி மாட்டிக்கொண்டாள். இடி குச்சிகளைத் தட்டினான். தம்பி கண்ணை மூடிப் பாடினான். எதுவும் கிழியவில்லை. அம்மாவுக்குப் பிடித்த வரி வந்தபோது நெஞ்சில் ஏதாவது அசையுமா என்று காத்திருந்தாள். அசையவில்லை.

பாட்டு முடிந்தது.

பட். பட்.

பிறகு மழை பிடித்ததுபோல நூறு கைகள். நீளமான, உயரமான ஓர் இடம் நிறைய ஆட்கள். எல்லாச் சத்தமும் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பின்னால் சுவர்.

ஹெட்போனைக் கழற்றினாள். அமைதி. நெட்டை குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். இடி தண்ணீர் குடித்தான். மறுபடி மாட்டினாள். கைதட்டல் நெருங்கி வந்திருந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ இருமினார்கள். கால்கள் இழுபட்டு இழுபட்டு முன்னால் வந்தன.

தம்பி நிமிர்ந்தான். அவள் தலைக்கு மேலே பார்த்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு.

“நேத்தைவிட இன்னைக்கு நிறையப் பேர் வந்திருக்காங்கக்கா,” என்றான்.

வெறும் சுவரைப் பார்த்து இடுப்பு வளைத்து வணங்கினான்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. மெல்ல, கால் நுனியிலிருந்து, தண்ணீர் ஏறுவதுபோல. ஓட வேண்டும். இவனை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கால் நகரவில்லை.

ஹெட்போனில் கைதட்டல்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒன்று மட்டும் மிச்சம். பிடரிக்குப் பக்கத்தில்.

பட்.

பட்.

அதுவும் நின்றது.

கழற்றி எறிவதற்காக இரண்டு கைகளையும் தூக்கினாள். ஹெட்போன் விரல்களுக்கு அகப்படவில்லை. அதன்மேல், அவள் காதுகளோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி, ஏற்கெனவே இரண்டு கைகள் இருந்தன. ஈரமாக.